முதுகெலும்பு முறிந்த வீட்டுக்கு இரண்டு வருட அவகாசம்

“மகன் எழும்பி நடப்பான்தானே, டொக்டர்?”

முள்ளந்தண்டு முறிந்து கிடப்பவரின் கட்டிலருகே எந்தத் தாயும் முதலில் கேட்பது இதைத்தான். வெருகல், ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறை முகத்துவாரம் பக்கமிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வந்துசேரும் குடும்பங்களும் இதைத்தான் கேட்கின்றன. முதல் நாட்களில் வைத்தியரால் இதற்கு முடிவான பதில் சொல்ல முடியாது. அடிபட்ட தண்டுவடம் சில நாட்கள் முதல் பல வாரங்கள் வரை செயலற்றுக் கிடக்கும். அது தெளிந்த பிறகுதான் எது போயிற்று, எது மிஞ்சியது என்று தெரியவரும். அதுவரை நேர்த்தி வைப்பது, பரிகாரியைத் தேடுவது, இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா என்று விசாரிப்பது என்று குடும்பம் ஓடுகிறது. அந்த ஓட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் கால் அசையாதபோது வேறு எதைத்தான் நினைப்பது?

ஆனால் சட்டம் அதுவரை காத்திருப்பதில்லை. இன்னொருவரின் கவனயீனத்தால் ஒருவர் காயப்பட்டால், நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்க நம் நாட்டில் இருக்கும் அவகாசம் இரண்டு வருடம். 1871ஆம் ஆண்டு, ஆங்கிலேயர் காலத்தில் வந்த காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் இன்றும் அதைத்தான் சொல்கிறது. பராயமடையாதவர், சித்த சுவாதீனம் இல்லாதவர், நாட்டில் இல்லாதவர் ஆகியோருக்கு அந்தச் சட்டம் விலக்குத் தருகிறது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாமல், மனம் மட்டும் தெளிவாக இருக்கும் ஒருவருக்கு அதில் விலக்கில்லை. விபத்து நடந்த நாளிலிருந்தே காலம் எண்ணப்படுகிறது.

அந்த இரண்டு வருடம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். முதல் சில வாரங்கள் திருகோணமலையிலும் சத்திரசிகிச்சைக்காக வேறு பெரிய ஆஸ்பத்திரியிலும் கழியும். பிறகு ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலையில் இடம் கிடைக்கும்வரை காத்திருப்பு. இலங்கைத்துறையிலிருந்து ராகமை 250 கிலோமீற்றருக்கும் அதிகம். அங்கே சில மாதங்கள். வீட்டுக்கு வந்த பின் படுக்கைப்புண் வந்து மீண்டும் வார்ட். தகப்பன் கடற்றொழிலை விட்டிருப்பார், தாய் பக்கத்திலேயே இருப்பாள், அடகு வைத்த நகை மூழ்கியிருக்கும். அத்தனையும் ஓய்ந்து, “இனி வழக்கொன்று போட்டுப் பார்ப்பமா?” என்று யாரோ ஒரு மாமா கேட்கும்போது இரண்டு வருடம் தாண்டியிருக்கும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சட்ட வேலையை வைத்தியம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது. முதல் மாதத்திலேயே, கட்டிலருகிலேயே அது தொடங்க வேண்டும். அதைத் தொடங்கிவைக்கும் பொறுப்பை ஒரு தாயின் தலையில் ஏற்றாமல் ஆஸ்பத்திரியும் பிரதேச செயலகமும் ஏற்க வேண்டும்.

வீதி விபத்தை எடுத்துக்கொள்வோம். திருகோணமலை - மட்டக்களப்பு வீதியில் பாலங்கள் வந்து தோணியும் பாதையும் ஓய்ந்த பிறகு பயணம் சுகமானது, வேகமும் கூடியது. மோட்டார் சைக்கிளில் போன இளைஞன் டிப்பரில் அடிபடுகிறான். உடனடியாகச் செய்ய வேண்டியது பொலிஸ் முறைப்பாடு. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கவும், தமிழில் எழுதியதை வாசித்துப் பார்த்தே கையெழுத்திடவும் உரிமை உண்டு. அரசியலமைப்பின் மொழி அத்தியாயம் தரும் உரிமை அது. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கீழே கைநாட்டு வைத்துவிட்டுப் பிறகு நீதிமன்றில் அதை மறுப்பது பெரும்பாடு. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைப் படிவம், ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் காட், எக்ஸ்றே, ஸ்கான் படங்கள், வாகன இலக்கம், காப்புறுதி அட்டையின் போட்டோ எல்லாவற்றையும் ஒரே கோவையில் போட்டு வைக்க வேண்டும். நான் போன வீடுகளில் இவை பெரும்பாலும் ஒரு ஷொப்பிங் பையில், ஈரப்பட்டு, மருந்துத் துண்டுகளோடு கலந்து கிடக்கும். ஐந்து வருடம் இழுபடக்கூடிய வழக்கொன்றுக்கு அந்தப் பைதான் ஆதாரம்.

அடுத்து வருவது சமாதானப் பேச்சு. வாகனக்காரர் நல்லவராகவே இருக்கலாம். பழப்பையோடு வந்து, ஒரு இலட்சமோ இரண்டு இலட்சமோ தந்து, “இதோட முடிச்சுக்கொள்ளுவம் அம்மா” என்பார். அந்த நேரத்தில் அது பெரிய காசுதான். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பையன் இன்னும் நாற்பது வருடம் சக்கர நாற்காலியில் வாழப்போகிறான். அவனுக்கு எவ்வளவு தேவை என்பது அந்த வாரத்தில் யாருக்கும் தெரியாது. செலவுக்குத் தருவதைச் செலவுக்கென்று எழுதி வாங்கலாம். ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்ற வரி இருக்கும் தாளில் சட்டத்தரணி பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. நீதவான் நீதிமன்றில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டார் என்பதற்காகக் குடும்பத்தின் நட்டஈட்டு உரிமை தீர்ந்துவிடாது. அது மாவட்ட நீதிமன்றில் தொடுக்க வேண்டிய வேறு வழக்கு. மூன்றாம் தரப்புக் காப்புறுதி நம் மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமானது. அந்தப் பணம் வர வேண்டுமானால் வழக்குத் தொடுக்கும் முன்போ, தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். இந்த ஒரு கடிதம் போகாததால் வென்ற வழக்கிலும் பணம் வராமற் போகலாம்.

“எங்கட பொடியனிலயும் பிழை இருக்குத்தானே, ஹெல்மட் போடல்ல” என்று சொல்லி ஒதுங்கிவிடும் தகப்பன்மார் பலர். நேர்மையான மனிதர்கள். அவர்கள் அறிய வேண்டியது இது: 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி காயப்பட்டவர் பக்கமும் கவனயீனம் இருந்தால், அந்த அளவுக்கு நட்டஈடு குறையுமே தவிர முற்றாக இல்லாமற் போகாது. அடித்துவிட்டு ஓடிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. தொகை சிறிதுதான், ஆனால் அதற்கும் பொலிஸ் முறைப்பாடு வேண்டும்.

வேலை செய்யுமிடத்தில் நடந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. 2022இல் திருத்திய பிறகு உச்சத்தொகை 20 இலட்சம் ரூபா. வேலைக்குப் போகும், வரும் வழியில் நடக்கும் விபத்தும் இப்போது அதற்குள் அடங்குகிறது. ஆற்று மணல் ஏற்றப் போனவர், கட்டடத்தில் மேசனுக்குக் கையுதவியாக நின்றவர், தோட்டத்தில் தேங்காய் பறித்தவர் ஆகியோரிடம் நியமனக் கடிதம் இருக்காது. கடிதம் இல்லை என்பதாலேயே உரிமை இல்லையென்று ஆகிவிடாது. கூலி கொடுத்தது யார், வேலை சொன்னது யார் என்பதற்குக் கூட நின்ற இரண்டு பேரின் சாட்சியம் வேண்டும். சில மாதம் போனால் அந்த இரண்டு பேரும் கட்டாருக்குப் போயிருப்பார்கள். ஆகவே அவர்களின் பெயரையும் வாக்குமூலத்தையும் உடனே எழுதிக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதி இருந்தவர் நிரந்தரமாக வேலை செய்ய முடியாமற் போனால் அந்தப் பணத்தை முன்கூட்டியே எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலும் நிரந்தர அங்கவீனத்துக்கு உதவி உண்டு. யானை தாக்கியதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் இழப்பீட்டைக் கேட்க வேண்டும்.

கடலுக்குள் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மற்றவர்கள் இதை விபத்தாகவே எண்ணுவதில்லை. அட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி ஆழம் இறங்கும் பிள்ளைகள் ஒரே நாளில் பல தடவை இறங்கி, அவசரமாக மேலே வருகிறார்கள். ஆழத்தில் அழுத்தத்தால் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைதரசன், மெதுவாக வெளியேற நேரம் கிடைக்காமல் குமிழிகளாகிறது. அந்தக் குமிழி தண்டுவடத்தின் இரத்த ஓட்டத்தை அடைத்தால் இடுப்புக்குக் கீழே போய்விடும். எலும்பு முறியாது, வெளியே ஒரு கீறலும் இருக்காது. மூட்டு வலி, கால் விறைப்பு, சலம் போகாமை என்று தொடங்கும். படகிலேயே படுக்கவைத்து, “களைப்பு, கொஞ்ச நேரத்தில சரிவரும்” என்பார்கள். சரிவருவதற்கு வேண்டியது ஒட்சிசனும், அழுத்த அறையில் மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்தி மெல்ல மெல்லக் குறைப்பதும்தான். அந்த அறை கடற்படையிடம் திருகோணமலையிலேயே இருக்கிறது. நேரத்தோடு போனவர்கள் நடந்து வீடு திரும்பலாம். பிந்தப் பிந்த அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். பங்கு முறையில் தொழில் நடப்பதால் முதலாளி யார் என்ற கேள்வி வரும்போது எல்லோரும் பங்காளிகளாகிவிடுகிறார்கள். சிலிண்டர் யாருடையது, காற்று நிரப்பியது யார், படகு யாருடையது, அனுமதிப்பத்திரம் யார் பெயரில் என்பவற்றைக் குடும்பம் முதல் வாரத்திலேயே குறித்து வைக்க வேண்டும். அனுமதி கொடுக்கும் கடற்றொழில் திணைக்களம் சுழியோடிக்குக் காப்புறுதி செய்வதை அனுமதியின் நிபந்தனையாக்கினால் இந்தத் தேடலே வேண்டியதில்லை.

இன்னுமொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், கட்டுரையின் போக்கை விட்டு விலகினாலும் பரவாயில்லை. மரத்தால் விழுந்தவரையோ வீதியில் கிடப்பவரையோ நாலு பேர் தூக்கி ஓட்டோவுக்குள் மடித்துப் போடுவது நம் ஊர் வழக்கம். அன்பினால் செய்வதுதான். முறிந்த எலும்பு தண்டுவடத்தை அறுப்பதும் பலவேளை அந்த நேரத்தில்தான். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வரும்வரை கழுத்தும் முதுகும் அசையாமல் வைத்திருப்பதே பெரிய உதவி. தூக்கியே ஆக வேண்டுமானால் ஒரு கதவுப் பலகையில் நேராகக் கிடத்தித் தூக்குங்கள்.

அரச உதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 ஏப்ரல் முதல் 10,000 ரூபா. கிராம உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் 2025 பெப்ரவரி முதல் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை, பிரதேச செயலகமே ஏற்கிறது. வீடு, மலசலகூடம் திருத்தவும் சக்கர நாற்காலிக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் உதவுகிறது. யுத்தத்தில் ஷெல் பட்டு முடங்கியவர்களுக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியச் சான்றிதழ், ஒவ்வொன்றுக்கும் ஒரு பயணம். படுத்த படுக்கையில் ஒருவரை விட்டுவிட்டு எத்தனை பயணம் போகலாம்?

காணியைப் பற்றிப் பேசாமல் இந்த விடயம் முடியாது. எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் இருப்பது காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியில். பெர்மிட் காணியை வெளியில் விற்கவோ நினைத்தபடி ஈடுவைக்கவோ சட்டம் இடம் தராது. வைத்தியச் செலவு என்ற பதற்றத்தில் வெறும் தாளில் எழுதிக் கைமாற்றினால், காணியும் போய் வாங்கியவரோடு வழக்கும் வரும். உறுதிக் காணி என்றாலும் முதல் வருடத்தில் விற்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்த வளவில்தான் ஒருநாள் அவர் கடை போடுவார், கோழி வளர்ப்பார், மெசின் தைப்பார்.

அதைவிடப் பெரிய விடயம், யார் தீர்மானிப்பது என்பது. தண்டுவடம் அடிபட்டவரின் புத்திக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் அடுத்த நாளிலிருந்தே அவரைச் சுற்றி நின்று அவரைப் பற்றி மற்றவர்கள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். வங்கிப் புத்தகம் அண்ணனிடம், காணி உறுதி மாமனிடம், மோட்டார் சைக்கிள் விற்ற காசு யாரிடமோ. சட்டத்தின் கண்ணில் அவர் விபத்துக்கு முன் என்னென்ன உரிமையோடு இருந்தாரோ அத்தனையும் இன்றும் அவருக்கே உரியவை. கை அசையாவிட்டால் பெருவிரல் அடையாளம் போதும். நொத்தாரிசு வீட்டுக்கோ வார்டுக்கோ வந்து, உரிய சாட்சிகள் முன்னிலையில், அவருக்கு வாசித்து விளக்கிய பிறகே அதை வாங்க வேண்டும். வெளி அலுவல் பார்க்க அற்றோணித் தத்துவம் கொடுப்பதாக இருந்தால், ‘எல்லா அதிகாரமும்’ என்று எழுதாமல் எந்த வங்கி, எந்த வழக்கு என்று வரையறுத்து எழுதுங்கள், வேண்டாதபோது அவர் அதை நீக்கவும் முடியும். மனைவியின் பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்குத் தொடங்குவது பல வீடுகளில் இதைவிட எளிது. அவர் வாக்காளரும்தான். 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, தானே வாக்கு அடையாளமிட முடியாதவர் தன்னோடு ஒரு துணையாளை அழைத்துச் செல்லலாம்.

இனி உடம்பு. 1944 பெப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மான் என்ற வைத்தியர் தண்டுவடக் காயத்துக்கென ஒரு பிரிவைத் திறக்கும்வரை, இப்படிக் காயப்பட்டவர்களில் பெரும்பாலானோர் விரைவிலேயே இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றவை படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும். குட்மான் கொண்டுவந்தது புது மருந்து அல்ல. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, சலப்பையைச் சுத்தமாக வெறுமையாக்குவது, வேலையும் விளையாட்டும் கொடுப்பது, இவ்வளவுதான். இன்றும் அடிப்படை அதுதான். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம் வைத்து எழுந்து, மகனின் இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்துப் புரட்டும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். நாரி எலும்பு, குதிக்கால், இடுப்பின் பக்கம் ஆகிய இடங்களில் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியபோது வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது, சிவப்பு மாறும்வரை அந்தப் பக்கம் படுக்கவைக்கக் கூடாது. நாற்காலியில் இருப்பவர் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். கையில் பலமில்லாதவரை முன்னால் சாய்த்துவிட வேண்டும். சலம் நான்கு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை சுத்தமான குழாய் விட்டு எடுக்கப் பழகினால், நிரந்தரக் குழாயோடு வரும் தொற்றுக் குறையும்.

நெஞ்சு மட்டத்துக்கு மேலே அடிபட்டவர்களின் வீட்டார் கட்டாயம் அறிய வேண்டிய ஓர் ஆபத்தும் உண்டு. திடீரெனத் தலை வெடிப்பதுபோல் வலி, முகம் சிவந்து வியர்வை, பிரஷர் ஏறுவது. பெரும்பாலும் காரணம் சலக்குழாய் மடிந்திருப்பது அல்லது அடைத்திருப்பது, இல்லாவிட்டால் மலச்சிக்கல். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, குழாயைப் பாருங்கள். அடங்காவிட்டால் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு. அங்கே சாதாரணப் பிரஷர் என்று எண்ணிவிடாதபடி, ராகமையில் எழுதித்தந்த குறிப்பின் பிரதி ஒன்று நாற்காலிப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

இவையெல்லாம் ராகமையில் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. ஆனால் சிங்களம் தெரியாத வெருகல் தாய்க்கு, பக்கத்துக் கட்டில்காரரின் மொழிபெயர்ப்பில், அரைகுறையாக விளங்குகிறது. குழாயை எப்படிக் கழுவுவது என்பது அரைகுறையாக விளங்கக்கூடிய விடயமல்ல. மாங்குளத்தில் புனர்வாழ்வு வைத்தியப் பிரிவு இருக்கிறது. அங்கேயே தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் தாமே சேர்ந்து நடத்தும் ‘உயிரிழை’ அமைப்பும் இருக்கிறது. வன்னிக்குக் கிடைத்தது கிழக்குக்கும் வேண்டும். தமிழிலே கற்பதோடு, தன்னைப்போல ஒருவர் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவதைக் கண்ணால் பார்ப்பது வைத்தியர் சொல்லும் நூறு ஆறுதலைவிடப் பெரிது. தமிழ்நாட்டில் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியைப் பாருங்கள். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சிறு முயற்சியாகத் தொடங்கியது பல்லாயிரம் பேருக்கு மறுவாழ்வு தரும் நிறுவனமாக வளர்ந்தது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

வீடு திரும்பியவர் எதிர்கொள்ளும் முதல் எதிரி மணல். எங்கள் கரையோர வளவுகளில் சக்கர நாற்காலியின் சின்னச் சக்கரம் புதைந்து நிற்கும். மலசலகூடம் வீட்டுக்குப் பின்னால், குந்தியிருக்கும் வகை, படியேறிப் போக வேண்டும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் என்பது கணக்கு. ஒன்றரை அடி அத்திவாரம் உள்ள வீட்டுக்குப் பதினெட்டு அடி வேண்டும். உதவிப் பணம் வந்தால் முதலில் கட்ட வேண்டியது கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை ஒரு சீமெந்துப் பாதையும், நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கதவும், கொமட்டும், பிடிகம்பியும்.

வீட்டுக்கு வெளியே சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 ஒக்டோபரில் அணுகு வசதி ஒழுங்குவிதிகள் வந்தன. பொதுக் கட்டடங்களுக்கு மூன்று வருட அவகாசம் கொடுக்கப்பட்டது. நடக்கவில்லை. 1992இல் கொழும்பில் வீதியோர மரம் ஒன்று காரின்மேல் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்த கலாநிதி அஜித் பெரேரா, 2009இல் உயர் நீதிமன்றம் போனார். அந்த ஒழுங்குவிதிகளைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2020இல் அவர் இறக்கும்வரை அதற்காகவே எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார். 2016இல் நாடு மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான ஐ.நா. உடன்பாட்டையும் ஏற்றுக்கொண்டது. இருந்தும், கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க வருபவரை வாசல்படியில் நிறுத்தி உத்தியோகத்தர் வெளியே வந்து பேசும் அலுவலகங்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. அரசாங்க அலுவலகம் ஒன்று இப்படி நடத்தினால் அடிப்படை உரிமை மனுவுக்கு அவகாசம் ஒரு மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

இரண்டு வருடம், ஏழு நாள், ஒரு மாதம் என்று இத்தனை கெடுக்களையும் ஒரு மீனவக் குடும்பம் நினைவில் வைத்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமில்லை. திருகோணமலையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. வசதி குறைந்தோருக்கு வழக்குப் பேச 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஆணைக்குழு அது. அங்கிருந்து ஒரு சட்டத்தரணி வாரத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு வந்து போவதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், ஒரு கடிதம் போதும். தண்டுவடக் காயத்தோடு ஒருவர் அனுமதிக்கப்பட்டதும் ஆஸ்பத்திரி அவரது பிரதேச செயலகத்துக்கு அறிவித்தால், சமூக சேவை உத்தியோகத்தர் படிவங்களோடு கட்டிலுக்கே வரலாம். சுகாதார அமைச்சு இன்னொன்றையும் இந்த மாதமே செய்யலாம். இப்படிப்பட்ட நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் காட்டின் கீழே, தமிழிலும் சிங்களத்திலும் ஒரே ஒரு வரி: விபத்து நடந்த திகதி, அதிலிருந்து இரண்டு வருடம் முடியும் திகதி, அதற்கு முன் போக வேண்டிய சட்ட உதவி அலுவலகத்தின் தொலைபேசி இலக்கம்.